பதினோராவது ஆள்

போன வாரம் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு ஃபிளெக்ஸ் போர்டை முறைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த வாழைத்தார் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அப்புறம் திட்டினார். அப்புறம் அவரும் அந்த போர்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பார்க்க வேண்டிய போர்டுதான். கூலிங் கிளாஸ் போட்ட ஒரு ஆள், ஆளுயரத்துக்கும் மேலே. பக்கத்தில் ஒரு சிங்கம். 'மடி தந்து காது குத்த வரும் தாய்மாமனே... வருக! வருக!' என்று மஞ்சள் எழுத்து. மூலையில் பாஸ்போர்ட் சைஸில், காது குத்திக்கொள்ளப் போகிற குழந்தை. அதற்கும் கீழே, சிங்கத்தின் வாலுக்கு அடியில், கண்ணாடி போட்டால் மட்டுமே தெரிகிற எழுத்தில் – 'இவண்: பங்காளிகள்'.

அந்தப் பங்காளிகளில் ஒருவன் உங்கள் பத்திக்காரன்.

குழந்தை என் அண்ணன் மகள் மித்ரா. மூன்று வயது. கூலிங் கிளாஸ் பார்ட்டி பிரபு – என் மதினியின் தம்பி. கட்டப்பனையில் ஏலக்காய் வியாபாரம். பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் ஜீப்பில் மலையிறங்கி வருவான். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவான். 'அடிபொளி' என்று மலையாளத்தில் ஒரு சர்டிபிகேட் கொடுப்பான். திரும்ப மலையேறிவிடுவான்.

நான்? அண்ணன் வீட்டு மாடியில்தான் நானும் என் மனைவி செல்வியும் இருக்கிறோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இந்தப் பத்தியில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. நீங்களும் ஆறுதலாக நிறைய எழுதிவிட்டீர்கள். மறுபடி அங்கே போகப் போவதில்லை. மித்ரா இருக்கிறாள், போதும். காலையில் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு அவள் ஹாரன் அடிக்க, நான் ஓட்டுவேன். பள்ளிக்கூட வாசலில் அவள் அழுவதற்கு என் சட்டை. சாயங்காலம் வாழைப்பழத்தைப் பாதி தின்றுவிட்டு மீதியைத் துடைப்பதற்கும் அதே சட்டை.

காது குத்த மட்டும் மாமன் மடி!

பொறாமையா என்று கேட்கிறீர்களா? ஆமாம், பொறாமைதான். சுற்றி வளைத்து 'ஆதங்கம்', 'வருத்தம்' என்றெல்லாம் எழுதலாம். எத்தனை வருஷமாக என்னைப் படிக்கிறீர்கள், உங்களிடம் என்ன மறைவு... வயிறு எரிந்தது.

எங்கள் பக்கம் பொறாமைக்கும் ஒரு முறை இருக்கிறது. பங்காளிமேல் பொறாமைப்பட்டால் ஊர் ஒத்துக்கொள்ளும். வரப்பு, வாய்க்கால், பொதுக் கிணறு, பக்கத்துத் தோட்டத்துத் திராட்சை... காரணத்துக்கா பஞ்சம்? நியாயம் பேசவும் நாலு பேர் வருவார்கள். ஆனால் தாய்மாமன்மேல் பொறாமைப்பட்டேன் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மாமனோடு யாராவது போட்டி போடுவார்களா? அதனால் இதை உள்ளேயே வைத்துப் புழுங்க வேண்டும். நான் அப்படித்தான் புழுங்கிக்கொண்டு அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்தேன்.

மதினி ஹாலில் சார்ட் பேப்பரை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். காம்பஸ் வைத்து வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டு, அதன்மேல் ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார். உள் வட்டங்களில் எல்லாம் கறுப்புப் பொட்டு. கடைசி வட்டத்தில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு.

"என்ன கொழுந்தனாரே, மூஞ்சி ஏன் இம்புட்டு நீளமா இருக்கு?"

"போர்டு பாத்தேன் மதினி."

"நல்லாருக்கா? தம்பியே டிசைன் பண்ணி அனுப்புனான்."

"சிங்கம் நல்லாருக்கு."

என் குரலில் இருந்த ஆசிடைக் கண்டுபிடிக்க மதினிக்கு லிட்மஸ் பேப்பர் தேவைப்படவில்லை. சிரித்துவிட்டார்.

"இங்கன உக்காருங்க. இது சோடியம். நடுவுல இருக்கறது உட்கரு. அத நம்ம மித்ரான்னு வச்சுக்கங்க. ஒட்டுனாப்புல ரெண்டு பேரு – நானும் உங்க அண்ணனும். அடுத்த வட்டத்துல எட்டுப் பேரு – நீங்க, செல்வி, மத்த பங்காளிக. இந்தப் பத்து கறுப்புப் பொட்டும் உள்கூட்டு எலக்ட்ரான். இங்கிலீஷ்ல கோர் எலக்ட்ரான்."

"அந்தச் செவப்பு?"

"அவருதேன் பதினோராவது ஆளு. வெளி வட்டத்துல தனியா நிக்கிறாரு பாருங்க. இணைதிறன் எலக்ட்ரான். வேலன்ஸ்னு சொல்லுவாக. சோடியத்தோட கொள்வினை கொடுப்பினை அம்புட்டும் இவரு மூலமாத்தேன். இவரு குளோரின் வீட்டுக்குப் போனாத்தேன் நமக்குச் சோத்துக்கு உப்பு."

"அப்ப உள்ள இருக்கற பத்துப் பேரும்?"

"சும்மா இருப்பாக."

சும்மா இருப்பாக! சொல்லிவிட்டு மதினி அடுத்த பொட்டை ஒட்டப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து உட்கரு எங்கிருந்தோ ஓடி வந்து, சார்ட்டில் இருந்த சிவப்புப் பொட்டைப் பிய்த்துத் தன் தொப்புளில் ஒட்டிக்கொண்டது. எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். "பாத்தீகளா, மொதல்ல கழண்டு போறதும் அவருதேன்" என்றார் மதினி, அசராமல். பாக்கெட்டில் இருந்து இன்னொரு சிவப்புப் பொட்டை எடுத்து அதே இடத்தில் ஒட்டினார்.

எனக்கு மனசு ஆறவில்லை. மாடிக்குப் போய் போனில் தேடினேன். மதினி சொன்னதைவிட மோசமாக இருந்தது. 'உள்கூட்டு எலக்ட்ரான்கள் பொதுவாக வேதிவினைகளில் பங்கேற்பதில்லை' என்று யாரோ ஈவு இரக்கம் இல்லாமல் எழுதி வைத்திருந்தார்கள். பொட்டாசியத்தைப் பார்த்தேன். அங்கே உள்ளே பதினெட்டுப் பேர், வெளியே அதே ஒற்றை ஆள். குணம் கிட்டத்தட்ட சோடியம் மாதிரியேதானாம். அதாவது, உள்ளே பத்துப் பேர் இருந்தாலும் ஒன்றுதான், பதினெட்டுப் பேர் இருந்தாலும் ஒன்றுதான். கல்யாண வீட்டில் நாங்களெல்லாம் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்போம். வாசலில் சந்தனம் பூசிக்கொண்டு நிற்கிற ஒருத்தனை வைத்துத்தான் உலகம் அந்த வீட்டை எடை போடும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு எலக்ட்ரான்மேல் கோபம் வந்தது.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலமே பிரபு வந்துவிட்டான். ஜீப்பின் பானட்டில் குழந்தையைத் தூக்கி உட்கார வைத்தான். பேட்டரி போட்டால் பாடுகிற பொம்மை ஒன்று கொண்டு வந்திருந்தான். மித்ரா என் ஸ்கூட்டர் பக்கமே திரும்பவில்லை.

"பாப்பா, ரவுண்டு போலாமா? ஹாரன் அடிக்கலாம்" என்றேன்.

"மாமா ஜீப்பு!" என்றாள்.

செல்வி பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, பச்சப் புள்ளைகிட்டப் போயி முறைச்சுக்கிட்டு" என்றாள். நான் முறைத்தது பிள்ளையை அல்ல. ஜீப்பை.

இந்த இடத்தில் ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். மித்ரா ஒரு தடவை அழ ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டாள். பாட்டு, பொம்மை, செல்போன்... எதுவும் எடுபடாது. ஒன்றே ஒன்றுதான் எடுபடும். என் மூக்குக்கண்ணாடி டப்பா. அதைத் திறந்து 'டப்' என்று மூட வேண்டும். திறக்க வேண்டும், மூட வேண்டும். நாலைந்து 'டப்'புக்குள் விசும்பல் நின்று, வாய் பிளந்து வேடிக்கை பார்ப்பாள். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. இது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த வித்தை.

விழா அன்றைக்குக் காலையில் அந்த டப்பாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"கோயில்ல போயி என்னத்தப் படிக்கப் போறீக?" என்றாள் செல்வி.

"காதுகுத்துப் பத்திரிகைல பேரு சரியா இருக்கான்னு பாக்க" என்றேன்.

பொய். மாமன் மடியில் அவள் அழுவாள். பொம்மை பாடும், அவள் அழுவாள். மாமன் திணறுவான். அப்போது ஊரே பார்க்க நான் நடந்து போய்... சரி, மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே டப்பாவைப் பிரபுவிடம் கொடுத்து, "மாப்ள, அழுதா இதத் தட்டு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேண்டுமென்றேதான்.

எங்கள் குலசாமி கோயில் மேகமலை அடிவாரத்தில் இருக்கிறது. காலையில் பனி முழுசாக விலகுவதற்கு முன்பே செண்டை மேளம் கேட்டது. கேரளாவில் இருந்து வரவழைத்திருக்கிறான்! மேளத்துக்குப் பின்னால் கழுத்தில் மாலையோடு ஒரு கிடா. அதற்குப் பின்னால் சீர்த்தட்டு தூக்கிய பெண்கள், கோயில் வாசலில் இருந்து ரோடு வரைக்கும். நடுவில் பட்டுச் சட்டை, பட்டு வேட்டியில் பிரபு. கையில் ஒரு மாலை. பூ மாலை இல்லை. பச்சை ஏலக்காயை நெருக்கிக் கோத்த மாலை! அதை மித்ராவின் கழுத்தில் போட்டதும் அந்த இடமே மணத்தது. பெண்கள் எல்லாம் "ஆத்தாடி..." என்று வாயில் கை வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கண்கொள்ளாக் காட்சியை நான் எங்கிருந்து பார்த்தேன்? கையில் சாம்பார் வாளியோடு, சமையல் கொட்டகை ஓரத்தில் இருந்து. பங்காளி சீர் கொண்டு வரக் கூடாது. பங்காளிதான் வந்தவர்களுக்குப் பரிமாற வேண்டும். முறை அப்படி.

பலகை போட்டார்கள். பிரபு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடியில் மித்ரா. ஆசாரி ஊசியை எடுத்தார். முதல் காது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. அப்புறம்தான் அவளுக்கு வலி தெரிந்தது. கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு அலறல்.

பொம்மை பாடியது. அவள் அதைத் தட்டிவிட்டாள். யாரோ செல்போனை நீட்டினார்கள், அதுவும் பறந்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியதில் ஆசாரி ஊசியோடு பின்வாங்கினார். "புள்ளைய ஆட விடாதீக. இன்னொரு காது குத்தியாகணும்" என்றார்.

அப்போதுதான் கேட்டது. "சித்தா... சித்தா..."

சித்தப்பா என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். மடியில் இருந்து இரண்டு கையையும் நீட்டிக் கூட்டத்துக்குள் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? குழந்தைக்கு வலிக்கிறதே என்று பதறியிருக்க வேண்டும் இல்லையா? சந்தோஷமாக இருந்தது. காதில் ரத்தப் பொட்டோடு குழந்தை கதறுகிறது, எனக்குச் சந்தோஷம். இதைவிடக் கேவலமாக ஒரு மனுஷன் தன்னைப் பற்றிப் பத்தி எழுத முடியுமா, தெரியவில்லை.

வாளியைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன். கூட்டம் வழி விட்டது. குனிந்து அவளைத் தூக்கப் போனேன்.

"தூக்காதீக!" என்றார் ஆசாரி. "ஒரு காது மாமன் மடியில, ஒரு காது சித்தப்பன் மடியிலயா? ரெண்டும் மாமன் மடியிலதேன் குத்தணும்."

"ஏலே, தள்ளி நில்லுலே" என்றார் அண்ணன்.

தள்ளி நிற்கத்தான் போனேன். என் வேட்டியை யாரோ பிடித்து இழுத்தார்கள். பிரபு. கூலிங் கிளாஸ் எங்கே போனதோ தெரியவில்லை. முகமெல்லாம் வேர்வை. மேளச் சத்தத்தில் என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"மச்சான், கை நடுங்குது. போயிறாதீக. எனக்குப் பின்னாடி உக்காருங்க."

"பிடிச்சுக்க மாப்ள, ஒண்ணும் ஆகாது."

"உங்களுக்கென்ன மச்சான்... தெனமும் தூக்குறீக. அதுக்கு என்னைய அடையாளமே தெரியல. நேத்து ஜீப்பத்தேன் தெரிஞ்சுச்சு." வேட்டியை இன்னும் விடவில்லை. "உங்களப் பாத்தா எனக்கு எம்புட்டுப் பொறாமையா இருக்கு தெரியுமா?"

யார், யாரைப் பார்த்து? செண்டை மேளமும் சிங்க போர்டும் வைத்திருக்கிறவன், சாம்பார் வாளிக்காரனைப் பார்த்தா?

பலகைக்குப் பின்னால் போய் அவன் முதுகோடு முதுகாக இல்லை, முதுகுக்கு நெஞ்சு கொடுத்து உட்கார்ந்தேன். பட்டுச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பையில் இருந்து கண்ணாடி டப்பாவை எடுத்தேன். அவன் அக்குளுக்கு அடியில் கையை விட்டு, குழந்தையின் கண்ணுக்கு நேராக நீட்டினேன்.

டப்.

அலறல் தொடர்ந்தது. டப். டப். விசும்பலாக இறங்கியது. டப். மித்ரா வாயைப் பிளந்து டப்பாவைப் பார்த்தாள். மாமன் மார்பில் இருந்து ஒரு மூன்றாவது கை முளைத்திருப்பது அவளுக்கு ஆச்சரியமாகவே இல்லை. பிரபுவின் நடுக்கமும் மெல்ல நின்றது, எனக்கு அது அவன் முதுகு வழியாகத் தெரிந்தது. ஆசாரி குனிந்தார். இரண்டாவது காதும் முடிந்தது.

கூட்டம் குலவை போட்டது. "மாமன் மடின்னா சும்மாவா! எப்புடி அடங்கிருச்சு பாரு" என்று முன் வரிசையில் ஒரு அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முன்னால் இருந்தவர்களுக்கு நான் தெரிந்திருக்க நியாயமில்லை.

அன்று சாயங்காலமே ஜீப் மலையேறிவிட்டது. வீடு அமைதியானது. சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்த மதினி தானாகவே ஆரம்பித்தார்.

"கொழுந்தனாரே, கிளாஸ்ல ஒரு புள்ள இதே கேள்வியக் கேட்டுருச்சு. உள்ள இருக்கறதெல்லாம் சும்மாவா இருக்குன்னு."

"நீங்க என்ன சொன்னீக?"

"நான் உங்ககிட்டப் பாதியத்தேன் சொன்னேன். வினையில கலந்துக்க மாட்டாக, வாஸ்தவம். ஆனா உட்கருவுக்கும் வெளிய நிக்கிறவனுக்கும் நடுவுல அந்தப் பத்துப் பேரும் மறைச்சுக்கிட்டு நிப்பாக. உட்கரு இழுக்கற இழுப்பு அவன்கிட்டக் கொறச்சலாத்தேன் போய்ச் சேரும். அதனாலதேன் அவன் லேசாக் கழண்டு அங்கன இங்கன போயிட்டு வர முடியுது. அந்த இழுப்பு முழுசும் யாருக்கு? உள்ள இருக்கறவுகளுக்கு."

சொல்லிவிட்டு மதினி ரசம் ஊற்றிக்கொண்டார். மித்ரா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், மூடிய கையில் கண்ணாடி டப்பாவோடு. ஆனால் பொறாமை போய்விட்டதா என்றால்... அதெல்லாம் அவ்வளவு சுலபமாகப் போகிற சரக்கா? மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் ஏறி நின்றதும் அவள் முதலில் கேட்டதே "மாமா ஜீப்பு எங்க?" என்றுதான்.

இந்த வாரம் போட்டோகிராபர் ஆல்பத்துக்கான படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அட்டைக்கு ஒரு படம் தேர்ந்தெடுத்திருந்தார். மடியில் மித்ரா, வாய் பிளந்து, ஏலக்காய் மாலையோடு. பின்னால் பிரபு, மீசையை முறுக்காத குறை. அவன் அக்குளுக்கு அடியில் இருந்து தனியாக ஒரு கை, கையில் ஒரு கண்ணாடி டப்பா. அவ்வளவுதான் நான்.

அண்ணனுக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். "சார், படம் சூப்பரா வந்துருக்கு. அந்த எக்ஸ்ட்ராக் கை மட்டும் ஒரு மாதிரி இருக்கு. கம்ப்யூட்டர்ல எடுத்துரவா?"

"மூணு கையி இருக்கற மாதிரித்தேன்யா தெரியுது. எடுத்துருங்க" என்றார் அண்ணன்.

நான் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். எடுக்காதே என்று நானே எப்படிச் சொல்வது? செல்வி வாயைத் திறக்கப் போனாள். கண்ணாலேயே அடக்கினேன். மதினி என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், போனை எடுத்துத் தம்பிக்கு ஏதோ தட்டினார்.

கொஞ்ச நேரத்தில் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். கட்டப்பனையில் மழை போல, பின்னால் தகரத்தில் விழுகிற சத்தம். "மச்சான், அந்தக் கைய யாரும் எடுக்கக் கூடாது. அந்தக் கை இல்லாட்டி அந்தப் போட்டோவே கெடையாது. புள்ளைய அடக்குனது நான் இல்ல, அந்தக் கைதேன். அட்டையில அப்புடியே வரணும், ஆமா!"

எனக்குக் கண் கலங்கியது. பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். ஒரு மனுஷன்மேல் இவ்வளவு நாள் இப்படிப் புழுங்கினோமே என்று நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அவனுக்கு ஒரு நல்ல வார்த்தை போடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன்.

அதற்குள் குரூப்பில் வந்து குவிந்துவிட்டது. கும்பிடு, கைத்தட்டல், இதயம். 'பிரபுவுக்கு எம்புட்டுப் பெரிய மனசு!' 'மாமன்னா இப்படி இருக்கணும்!' 'தங்கமான புள்ள!'

படத்தில் இருப்பது என் கை, ஐயா... அதற்குக் கிடைத்த நல்ல பெயரும் பதினோராவது ஆளுக்கே!